உன் அம்மா சொல்லி முடிக்கட்டும்

பெலிக்ஸ்,

இந்தக் கடிதத்தை நான் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கொஞ்சம் ஃபிரிட்ஜ் மேல் வைத்து, கொஞ்சம் ஜன்னல் கட்டையில் வைத்து, கொஞ்சம் சுவரில் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து சரிந்து போகிற இடமெல்லாம் சுவர் என்று புரிந்துகொள். உள்ளறையில் உன் அம்மா பீரோ கண்ணாடி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். காலை இட்லி ஆனதிலிருந்து அதே வாக்கியம்தான். நடுவில் ஒரு வார்த்தையில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து வருகிறாள், மறுபடி அங்கேயே நிற்கிறாள். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். பல்லுக்குப் பின்னால் தயாராக நிற்கிறது. சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. வாய்க்கு வேலை போனதால் கைக்கு வேலை கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ கட்டிக்கொள்ளப்போகிற ஜெனிபரும் இதைப் படிக்கட்டும். ஆஸ்பத்திரி பெஞ்சில் எங்களோடு காத்திருக்கிற குடும்பங்களுக்கும் படித்துக்காட்டப் போகிறேன், ஏனென்றால் அவர்களில் பாதிப் பேர் என்னைப் போலவே வாய் அடங்காதவர்கள். எல்லோரும் படிக்கலாம். ஆனால் இதில் இருக்கிற வேலை உனக்கு மட்டும்தான்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ தோகாவிலிருந்து 'சொல்லு நைனா, சீக்கிரம் சொல்லு, டூட்டி கீது' என்கிறாய். நானும் சீக்கிரம் சொல்கிற ஆள். நாம் இரண்டு பேரும் சீக்கிரம் சீக்கிரமாகப் பேசித்தான் இந்த வீட்டில் ஒருத்தியை ஊமையாக்கி வைத்தோம். அதனால் இந்த முறை நிதானமாக எழுதுகிறேன். நிதானம் என்று எழுதுகிறேனே தவிர, இதற்குள் இரண்டு தடவை வாசல் வரை போய்ப் பால்காரர் வந்தாரா என்று பார்த்துவிட்டு வந்தேன். பால் விடியும்போதே வாங்கியாயிற்று.

உன் அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்தபோது நீ லீவில் ஓடி வந்தாய், ஒரு மாதம் பக்கத்தில் இருந்தாய், கால் நடந்துவிட்டது, வலது கை பாதி திரும்பிவிட்டது என்று பார்த்துவிட்டுப் போனாய். பேச்சும் அதேபோல் தானாகத் திரும்பிவிடும் என்று உனக்கும் நினைப்பு, எனக்கும் நினைப்பு. அவள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவள். தையல் மெஷின்கள் அத்தனையும் ஓடுகிற சத்தத்துக்கு மேலே அவள் குரல் கடைசி மெஷினில் இருக்கிற பெண்ணின் காது வரை போகும் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். வீட்டிலும் அந்த வால்யூம்தான். நம் வீட்டுச் சண்டையைக் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர்கள் டிவியை நிறுத்திய காலம் உனக்கு நினைவிருக்கும். அந்தக் குரல் எங்கேயும் போகவில்லை. அதில் ஏற்றி அனுப்பவேண்டிய வார்த்தைகள்தான் இடம் மாறிக் கிடக்கின்றன. சீப்பு வேண்டுமென்றால் 'சாவி' என்பாள், இல்லை என்று அவளுக்கே தெரியும், தலையை ஆட்டுவாள், மறுபடி 'சாவி' என்பாள், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வேண்டும் என்பதற்கு வேண்டாம் என்று வந்துவிடும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மண்டைக்குள் எல்லாம் கலங்கிப்போய் எழுந்து போய்விடுவாள்.

இதற்கு அஃபேசியா என்று பெயர். அந்தப் பெயரை ஒழுங்காகச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது, மண்டையில் ஒரு நரம்பும் வெடிக்காத எனக்கே. முதலில் நான் என்ன செய்தேன் தெரியுமா, கத்தினேன். 'சோறா, டிஃபனா' என்று ஹார்பரில் கப்பல் அடியில் நிற்கிறவனுக்குச் சொல்வதுபோல் கத்தினேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், உன் வயதுதான் இருக்கும், என்னை வெளியே கூப்பிட்டு, 'அங்கிள், அவங்களுக்குக் காது நல்லா கேக்குது. அறிவும் அப்படியேதான் இருக்கு. வார்த்தைதான் கைக்கு அகப்பட மாட்டேங்குது. நீங்க கத்துனா அது இன்னும் தள்ளிப் போயிடும்' என்றாள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள், ஒருவர் மட்டும் பேசுங்கள், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள், அவர் கேட்டாலொழிய வார்த்தையை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள் என்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். காத்திருங்கள் என்றாளே, அது ஒன்றுதான் இந்த ஜென்மத்தில் எனக்கு வராதது.

இதில் ஒரு கூத்தும் உண்டு. ஜெபமாலை பிடித்தால் உன் அம்மா ஒரு தடங்கல் இல்லாமல் கடைசி மணி வரை சொல்வாள். ஹை ரோட்டில் டிரெய்லர்க்காரன் காதுக்குப் பக்கத்தில் ஹாரன் அடித்தால், அவன் பரம்பரையைச் சேர்த்து முழு வாக்கியமாகத் திட்டுவாள், அதில் ஒரு எழுத்து பிசகாது. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க வராது. உன் ரோசி அத்தை இதைப் பார்த்துவிட்டு, 'இன்னா அண்ணி, ஜெபம் வருது, திட்டு வருது, எங்கைல பேச மட்டும் வராதா, நடிக்கிறியா' என்றாள். மனப்பாடமாகிப் போனதும் கோபத்தில் தானாக வருவதும் வேறு வழியாக வருகின்றன, யோசித்துச் சொல்லவேண்டியதுதான் சிக்கிக்கொள்கிறது என்று பயிற்சிப் பெண் விளக்கினாள். ரோசிக்குப் பாதி புரிந்தது. உன் அம்மா அவளைப் பார்த்துச் சொன்ன பதில் கோபத்தில் வருகிற வகையைச் சேர்ந்தது, அதனால் சுத்தமாக வந்தது.

காத்திருக்க வராத நான் என் தொழிலை வைத்துக் குறுக்கு வழி தேடினேன். வாழ்நாளெல்லாம் கப்பல் மேல்தட்டில் நின்று கிரேன் டிரைவருக்குக் கையால் சிக்னல் காட்டியவன், வாயே இல்லாமல் குடித்தனம் நடத்திக் காட்டுகிறேன் பார் என்று ஹாலில் நின்றுகொண்டு அவளுக்குப் பாடம் எடுத்தேன். விரலை மேலே காட்டிச் சுற்றினால் தூக்கு, கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு. தூக்கு என்றால் சோறு வேண்டும், இறக்கு என்றால் போதும். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. கை ஜாடையும் அவளுக்குக் குழம்பியது. தூக்குக்கு இறக்கு வந்தது, இறக்குக்கு என் வழுக்கையைக் காட்டினாள். ஆனால் ஒரே ஒரு சிக்னல் மட்டும் ஒட்டிக்கொண்டது. கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, இப்படியும் அப்படியும் அசைத்தால் நிறுத்து. எங்கள் வேலையில் அதற்கு ஒரு தனிச் சட்டம். கிரேன் டிரைவர் ஒரு சிக்னல்மேனுக்கு மட்டும்தான் கட்டுப்படுவார், வேறு யார் கை காட்டினாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். நிறுத்து என்பது மட்டும் விதிவிலக்கு. அதை யார் காட்டினாலும், டீ கொண்டு வந்தவன் காட்டினாலும், லோடு அந்த இடத்திலேயே நின்றாக வேண்டும். இதையும் நான்தான் பெருமையாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். என் கழுத்துக்கு நானே கட்டிக்கொண்ட கயிறு.

உனக்கு ஒன்று தெரியாது, நான் சொன்னதும் இல்லை. நீ போன பிறகு அவள் நன்றாகத் தேறிக்கொண்டு வந்தாள். தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போய்த் தயிர் வாங்கினாள். முதல் நாள் நான் பின்னாலேயே போய் லாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். கடைக்காரர் பாய் பொறுமைசாலி. 'இன்னா வோணும்மா' என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வெங்காயத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டு நின்றார். அவள், 'வெள்... வெள்ள... பா... இல்ல... தை... தயிரு' என்றாள். அவர் தயிரை எடுத்து வைத்தார், ஒன்றும் பெரிதாக நடக்காததுபோல. லாரிக்குப் பின்னால் நான் நின்ற இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை, அவருக்குப் போய்க் கை கொடுக்கலாமா, ஓடிப்போய்த் தயிரை வாங்கிக்கொள்ளலாமா என்று. அவள் திரும்பி வருகிற வழியில் என்னைப் பார்த்துவிட்டாள். உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினாள். பின்னால் வருவதை நிறுத்தினேன். அதன் பிறகு தயிர், அப்புறம் ரொட்டி, அப்புறம் கோயிலில் தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற அன்பியம் கூட்டத்தில் இரண்டு வார்த்தை என்று போய்க்கொண்டிருந்தாள். தினமும் வெளியே நாலு பேரிடம் பேசவேண்டும், அதுதான் மருந்து என்று பயிற்சிப் பெண் சொல்லியிருந்தாள்.

அந்த மருந்தைத்தான் நான் பிடுங்கினேன். ஜெனிபர் வீட்டார் முதல் தடவை வருகிறார்கள் என்றதும் நீ போன் செய்து, 'நைனா, அம்மா பேச ஆரம்பிச்சா அவங்க பயந்துக்குவாங்க. கல்யாணம் முடியட்டும், அப்பால நானே பக்குவமா சொல்லிக்கிறேன்' என்றாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. இரண்டு இடம் வந்து தட்டிப்போன பிறகு வந்த இடம், உனக்கும் பயம் இருந்திருக்கும். வந்தார்கள். திருவொற்றியூரிலிருந்து சம்பந்தி அம்மா, எண்ணூர்ப் பக்கம் பாய்லர் பார்க்கிற அவர் வீட்டுக்காரர். காபி குடித்தார்கள். உன் அம்மா எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சம்பந்தி அம்மா சும்மா இருக்கமாட்டாமல், 'இன்னாக்கா, வந்ததுலேர்ந்து ஒரு வார்த்த பேசல. எங்க பொண்ணு போட்டோ புடிக்கலயா இன்னா' என்று கேட்டார். உன் அம்மா வாயைத் திறந்தாள். 'அ... அது...' என்றாள். தேடினாள். அந்த அம்மாவின் கண் என் பக்கம் திரும்பியது. எனக்கு உள்ளங்காலில் எறும்பு ஏறியதுபோல் ஆகிவிட்டது. யாரும் கேட்காமலே என் வாய் சொன்னது: 'நேர்ச்சைம்மா. பையன் கல்யாணம் நல்லபடியா முடியணும்னு வேளாங்கண்ணி மாதாவுக்கு மௌன நேர்ச்சை.'

அந்த அம்மா எழுந்து வந்து உன் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். 'இந்தக் காலத்துல இப்டி ஒரு மாமியாரா' என்றார். அவர் வீட்டுக்காரர் காபியை வைத்துவிட்டு, 'எங்க வூட்லயும் யாராச்சும் இந்த நேர்ச்ச எடுத்தா நல்லாத்தான் இருக்கும்' என்றார். எல்லோரும் சிரித்தோம், உன் அம்மாவைத் தவிர. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் காபி டம்ளர்களை எடுக்கிற சாக்கில் தவிர்த்துவிட்டேன். கிளம்பும்போது எல்லோரும் நின்று ஜெபம் சொன்னோம். உன் அம்மாவும் சேர்ந்து கணீரென்று சொன்னாள், அதுதான் தடையில்லாமல் வருமே. சம்பந்தி அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். 'ஜெபத்துக்கு நேர்ச்சையில வெலக்கு உண்டு' என்றேன். அதற்கும் அவர் உருகிப்போனார். பொய்யில் எனக்கு இவ்வளவு திறமை இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். உனக்குப் போனில் சொன்னபோது நீயும் சிரித்தாய். 'செம நைனா' என்றாய்.

பொய் சொன்னதைவிட அதைக் கட்டிக் காப்பாற்றினேன் பார், அதுதான் கொடுமை. அந்த அம்மா தன் கோயில் முழுக்கச் சொல்லிவிட்டார், அங்கிருந்து நம் கோயிலுக்கு வந்துவிட்டது. பூசை முடிந்ததும் பெண்கள் உன் அம்மாவின் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். இனி அவள் வெளியே வாயைத் திறந்தால் நேர்ச்சையை முறித்தவள். தயிர்க் கடையிலும் திருவொற்றியூர்க்காரர்கள் வந்து நிற்பார்களே என்று நானே போய்த் தயிர் வாங்க ஆரம்பித்தேன். அவள் செருப்பைப் போடும்போதெல்லாம், 'நீ இருமே, நான் போய்ட்டு வரேன், கல்யாணம் வரைக்கும்தானே' என்றேன். முதலில் கோபப்பட்டாள். அப்புறம் செருப்பைப் போடுவதை விட்டாள். அப்புறம் வீட்டுக்குள்ளும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது பயிற்சிப் பெண் படத்தைக் காட்டி, 'ஆன்ட்டி, இது போன தடவை நல்லா சொன்னீங்களே' என்றாள். தயிர்க் கிண்ணம்தான் அந்தப் படம். உன் அம்மா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், படத்தைத் தள்ளி வைத்தாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே கன்டெய்னர்களைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் நீ அந்தப் போன் செய்தாய். 'கோயிலுக்குக் கிளம்புறதுக்கு முன்னால வூட்ல ஆசீர்வாதம் பண்ணுவாங்கள்ல, அதுக்கு ரோசி அத்தை சொல்லட்டும் நைனா. வீடியோ எடுப்பாங்க. அம்மா பக்கத்துல நின்னா போதும்' என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. உன் அம்மா தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உனக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை, 'சரிடா, பாத்துக்கலாம்' என்றேன். அவள் தலையைத் தூக்கவில்லை. சமையலுக்கு நாலு பல் பூண்டு போதும். முறம் நிறைய உரித்து வைத்தாள். மூன்று நாள் எல்லாக் குழம்பும் பூண்டுக் குழம்புதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இரண்டாவது தடவை வந்தார்கள், இந்தத் தடவை ஜெனிபரையும் கூட்டிக்கொண்டு. கோயிலில் கல்யாண அறிவிப்புக்கு ஓலை கொடுக்கிற தேதியையும், அன்றைய வீட்டு முறைகளையும் பேசி முடிக்க. எண்ணூர் ஹை ரோட்டில் டிரெய்லர்கள் மாட்டிக்கொண்டு அசையவில்லையாம், வெந்து நொந்து பசியோடு வந்து சேர்ந்தார்கள். அதனால் நான் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தேன். சம்பந்தி அம்மா ஆசையோடு கேட்டார், 'அண்ணே, நேர்ச்ச அன்னிக்கிக் காலைலயே முடிஞ்சிடுமா, புள்ளைக்கு நெத்தில சிலுவ போடும்போது அக்கா வாயத் தொறந்து சொல்லுவாங்களா. அதக் கேக்கணும்னு எங்களுக்கு அம்மாம் ஆச.' நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. 'அதுல ஒரு சின்ன விஷயம் கீதும்மா. ஆசீர்வாதம் எங்க தங்கச்சி ரோசி சொல்லிடுவா. பையனும் அப்டித்தான்...'

அப்போது கை நீண்டது. உன் அம்மாவின் கை, பாதி திரும்பிய அந்த வலது கையே. உள்ளங்கை கவிழ்ந்து, இப்படியும் அப்படியும், மெதுவாக. நான் நின்றுவிட்டேன். யோசித்து நிற்கவில்லை, உடம்பு நின்றது. வாய் திறந்தபடியே நின்றது. அந்தரத்தில் தொங்குகிற லோடு மாதிரி என் பாதி வாக்கியம் ஹால் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் சொன்னாள்: 'நேர்ச்ச... இல்ல.'

யாருக்கும் புரியவில்லை. சம்பந்தி அம்மா, 'இன்னாக்கா' என்று முன்னால் வந்தார். கை அவர் பக்கமும் திரும்பியது. அவரும் நின்றார்.

'பொய். இவுரு... பொய்.' பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. கீழே ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்தது. அவள் அதைத் திட்டக்கூட இல்லை. தலையைத் தொட்டுக் காட்டினாள். 'நரம்பு. பேச்சு... போச்சி.' மறுபடி தேடினாள், நெற்றியில் வியர்த்தது. 'கொஞ்சம்... வருது. தயி... தயிரு வாங்... வாங்குவேன். இவுரு... வுடல.' பிறகு உன் போட்டோவைக் காட்டினாள், டிவிக்கு மேலே இருக்கிறதே, அதை. 'எம் புள்ள. ரோசி... இல்ல. நான். நாந்தான்... சொல்வேன்.'

இதைப் படிக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. அவள் சொல்லி முடிக்க ஆன நேரத்தில் ஒரு பானைச் சோறு வடித்திருக்கலாம். என் வாழ்க்கையில் நான் பேசாமல் நின்ற நீளமான நேரம் அதுதான். கால் மட்டும் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஜெனிபரின் காலும் அதே தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவளும் என் ஜாதி, பொறுமை கிடையாது என்று அப்போதே தெரிந்துகொண்டேன். ஆனாலும் அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு உன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு, கொஞ்சம் தள்ளி வந்து உட்கார்ந்து, 'அத்தை, அன்னிக்கி நீங்க இன்னா கலர் புடவ கட்டப்போறீங்க' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கேட்டுவிட்டுக் காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உன் அம்மா தேடித் தேடி, இரண்டு தப்பான கலரைச் சொல்லித் தள்ளிவிட்டு, 'கத்திரி... கத்திரிப்பூ' என்றாள். 'எனக்கும் அதுதான் புடிக்கும்' என்றாள் ஜெனிபர். அது உண்மையோ பொய்யோ. நம் வீட்டில் இனிமேல் யார் பொய் சொன்னாலும் அவள் கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

சம்பந்தி அம்மாவுக்குத்தான் கோபம். நோய்க்காக இல்லை. 'நோவுன்னு சொன்னா நாங்க இன்னா எழுந்து ஓடியா பூடுவோம். மாதா பேர வெச்சிப் பொய் சொல்லிகினீங்களே அண்ணே, நான் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன், இப்ப எந்த மூஞ்ச வெச்சிகினு கோயிலுக்குப் போறது' என்றார். சரியான கேள்வி. அந்த நேரத்தில் எனக்கு அந்த மௌன நேர்ச்சையாவது கிடைக்காதா என்று இருந்தது. அவர் வீட்டுக்காரர் சாப்பிட்டார். கை கழுவினார். கிளம்பும்போது வாசலில் நின்று, 'இது மாப்ளைக்கும் தெரியுமா' என்று கேட்டார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். தெரியும் என்றேன். 'அப்ப ஓலை கொடுக்கிறதுக்கு முன்னால மாப்ள எங்கைல பேசட்டும். நீங்க பேசாதீங்க, அவுரு பேசட்டும்' என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினார். இன்றோடு ஒரு வாரம். நீ இன்னும் பேசவில்லை. லைன் கிடைக்கவில்லை, டூட்டி என்கிறாய். நானும் அந்த வயதில் இப்படித்தான் பதில் சொல்லியிருப்பேன், அதனால்தான் நம்ப மாட்டேன்.

கல்யாணம் நிற்குமா நடக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்த மனிதர் பாய்லர் பார்க்கிறவர், உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று முகத்தில் காட்டமாட்டார். ஆனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். அவரிடம் பேசும்போது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பாவம் என்று ஆரம்பிக்காதே. நானும் நைனாவும் சேர்ந்து அவளைப் பேசவிடாமல் வைத்திருந்தோம் என்று ஆரம்பி. உனக்கு நாக்கு குழறும். வார்த்தை கிடைக்காது. கிடைக்காமல் நீ நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதில்தான் உன் அம்மா தினமும் குடியிருக்கிறாள். அவர் கோபத்தில் போனை வைத்தாலும், நம் ஊர்ப்பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்றாலும், சொன்னது சொன்னதாக இருக்கட்டும். பொய்யை நம்பி நடக்கிற கல்யாணத்தில் உன் அம்மா ஆயுள் முழுக்க மௌன நேர்ச்சையில் இருக்க வேண்டிவரும். அதற்கு நான் மறுபடி ஆள் இல்லை.

கல்யாணம் நடந்தால், அன்றைக்குக் காலை. மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, நீ முட்டி போடுவாய். முதலில் நான் உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வாதம் சொல்வேன். எனக்குப் பேசக் கிடைக்கிற ஒரே வாய்ப்பு அது, சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்ய முடியாது, முயற்சி செய்கிறேன். அதற்கு அடுத்தது உன் அம்மா. ரோசியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். 'நல்லதாப் போச்சி, எனக்கும் மனப்பாடம் ஆகல' என்றாள். வீடியோக்காரனிடமும் சொல்லிவிடு, அவசரப்படுத்தினால் உன் அம்மாவிடம் தானாக வருகிற வகையில் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்வான். கோயிலில் பங்குச் சாமியார் காத்திருக்கட்டும், காரில் ஏறி உட்கார்ந்தவர்கள் இறங்கட்டும். ஜெபம் என்றால் அவளுக்கு மனப்பாடமாக வந்துவிடும், சட்டென்று முடித்துவிடலாம், நானும் அதைத்தான் சொல்லிப் பார்த்தேன். மாட்டேன் என்கிறாள். உனக்கென்று சொந்தமாக ஒரு வாக்கியம் வைத்திருக்கிறாள். அதனால்தான் காலையிலிருந்து இந்தப் போராட்டம். நீ முட்டி போட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார். தரையைப் பார்க்காதே, போனைப் பார்க்காதே, என்னைப் பார்க்கவே பார்க்காதே, நான் உதட்டை அசைத்துச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். முட்டி வலிக்கும். வலிக்கட்டும். அவள் உன் பெயரைச் சொல்லவந்து என் பெயரைச் சொன்னாலும், மகனே என்பதற்குச் சாவி என்று வந்தாலும், சிரிக்காதே, திருத்தாதே. அவளே திருத்திக்கொள்வாள். அவள் கை உன் நெற்றியிலிருந்து இறங்கும்வரை எழுந்திருக்காதே.

அந்த வாக்கியம் என்ன என்று எனக்குத் தெரியும். இந்தச் சுவர் ஒன்றும் அவ்வளவு தடிமன் இல்லை. இங்கே எழுதிவிடலாமா என்று பேனா துடிக்கிறது. எழுதினால் நீ அன்றைக்கு முட்டி போட்டுக்கொண்டு, அடுத்த வார்த்தை இதுதானே என்று முன்கூட்டியே தலையாட்டுவாய். என் மகன்தானே நீ. அதனால் எழுத மாட்டேன். நேற்று அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு தயிருக்குப் போனாள். நான் லாரிக்குப் பின்னால் போகவில்லை. ஜன்னல் வரைதான் போனேன்.

உள்ளே சத்தம் நின்றுவிட்டது. ஸ்டூல் நகர்கிறது. வாசற்படியில் வந்து நின்று இந்தத் தாளைப் பார்க்கிறாள். 'பெலி... பெலிக்ஸுக்கா' என்கிறாள். ஆமாம் என்று தலையாட்டினேன். இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்திருக்கிறாள். அது இன்ன வார்த்தையாக இருக்கும் என்று என் மனசுக்குள் ஐந்தாறு வார்த்தைகள் முட்டிமோதுகின்றன. கால் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. பேனாவைக் கீழே வைக்கிறேன், அவள் சொல்லி முடிக்கட்டும்.